ஒற்றைத் தும்மல்

ஆகஸ்ட் 4, திங்கள்

இதை எடுத்து வாசிப்பவர் யாராக இருந்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். மீறிக் காட்டினால், இனிமேல் உங்களுக்கு வருகிற தும்மலெல்லாம் மூக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இது என் சாபம்.

என் பெயர் இசக்கிப்ரியா. பள்ளிக்கூடத்தில் ப்ரியா, வீட்டில் இசக்கி, அம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் முழுப்பெயர். எட்டாம் வகுப்பு. அம்மா தங்கபுஷ்பம் 'சாந்தி நிழல்' இல்லத்தில் நர்ஸ். பாளையங்கோட்டையைத் தாண்டி, பஸ் நிற்காத இடத்தில் இருக்கிறது. இனி குணமாக்க முடியாது என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்கள்தான் இங்கே வருவார்கள். அவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அம்மாவின் வேலை.

நாங்கள் பின்கட்டில் குடியிருக்கிறோம். எனக்குத் தனி அறை உண்டு என்று வகுப்பில் பீற்றிக்கொள்வேன். உண்மையில் அது ஸ்டோர் ரூம். பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கியிருக்கிறேன். சரக்கு தீரத் தீர என் மேசை குள்ளமாகும். லாரி வந்தால் மறுபடி வளரும். அம்மா தூங்கியபிறகு டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குப் பல்லி என்றால் பயம். கணக்கு டீச்சர் என்றால் பயம். மூன்றாம் நம்பர் அறை என்றால் எல்லாவற்றையும்விடப் பயம். ரொம்ப முடியாமல் போனவர்களை அங்கேதான் கொண்டுவருவார்கள். அந்த அறையை நான் நடந்து கடந்ததே கிடையாது, ஓடித்தான் கடந்திருக்கிறேன்.

இன்று ஆயா லீவு. அம்மா என்னை அந்த அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டாள்.

"மாட்டேம்மா."

"என்னட்டி மாட்டேன்? அவிய ஒன்னையக் கடிச்சா திங்கப் போறாவ? உதடு காஞ்சா ஈரப் பஞ்சால தொடச்சி விடு. ஒரு மாதிரி இருந்தா இந்த மணிய அடி."

"ஒரு மாதிரின்னா எப்பிடி?"

"பாத்தா ஒனக்கே தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் மூச்சு விட்டால் மணி அடித்தேன். மூச்சு விட நேரமானாலும் மணி அடித்தேன். ஒவ்வொரு முறையும் ஓடிவந்த அம்மா கடைசியில் மணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது கட்டிலிலிருந்து, காய்ந்த வாழைச்சருகு உரசுகிற மாதிரி ஒரு குரல்.

"ஏ பிள்ள. சும்மா சும்மா மணி அடிக்காத. நான் இன்னும் போவல."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவர் பெயர் சண்முகவடிவு. ஊரில் 'மண்டி வடிவு' என்றால்தான் தெரியுமாம். கணவர் போனபிறகு வாழைக்காய் மண்டியைத் தனி ஆளாக நடத்தியவர். அவர் ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்குமாம். இப்போது வயிற்றில் கட்டி. தலையணைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்பதில்லை. நான் பெரியம்மை என்று கூப்பிடுகிறேன்.

சாயங்காலம் அவருடைய மூத்த மகன் குற்றாலிங்கம் வந்தார். சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். கூடவே அவருடைய அத்தை பாப்பாத்தியம்மாள், அதாவது பெரியம்மையின் நாத்தனார். இந்த அத்தை சகுனம் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பூனை குறுக்கே போனதென்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். அது எங்கள் வீட்டுப் பூனை. அது குறுக்கே மட்டும்தான் போகும்.

பெரியம்மை கண்ணை மூடிக்கொண்டார். உடனே அவர்கள், அவர் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"ஏதோ ஆச மனசுல கெடந்து இழுக்கு," என்றார் அத்தை. "பால் ஊத்திப் பாத்தாச்சி. மண்ணு ஆசையாத்தான் இருக்கும்."

தோட்டத்து மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சொட்டு நாக்கில் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தங்கச் சங்கிலியை உரசிய தண்ணீர். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றாள். "ஒரு சொட்டுக்கு மேல வேண்டாம், பொரையேறிரும்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போனதும் ஒரு கண் திறந்தது.

"வாயக் கழுவி விடு பிள்ள. ஒரே மண்ணு."

நான் பஞ்சால் துடைத்தேன். "பெரியம்மை, ஒங்களுக்கு என்னதான் ஆச?"

"பாத்தியா, எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கி கேக்கத் தெரியுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்த பீரோவுக்குள்ள, சேலைக்கி அடியில, என் டப்பி இருக்கு. எடு."

வெள்ளி டப்பி. திறந்து முகர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் நான் என் வசத்தில் இல்லை.

மூக்குப்பொடி!

ஆகஸ்ட் 6, புதன்

பெரியம்மைக்குப் பொடி கொடுக்கக்கூடாது என்பது பிள்ளைகளின் உத்தரவு. கௌரவக் குறைச்சலாம். அதனால் நேற்று நான் கொடுத்தது குற்றம். நம்ப வேண்டும், நான் ஒரே ஒரு சிட்டிகைதான் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று குற்றாலிங்கம் அண்ணாச்சி செல்போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் மஸ்கட்டிலிருந்து அவர் தம்பி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் அங்கயே போட்டு வச்சிருக்கியே, ஊர்ல என்ன பேசுவான்? பெத்தவளக் கவனிக்காம விட்டுட்டான்னு சொல்ல மாட்டான்? மதுரைக்குக் கொண்டு போ. ஐசியூல போடு. மூக்குல குழாய் போட்டுச் சாப்பாடு குடுக்கச் சொல்லு!"

பெரியம்மை கண்ணைத் திறந்தார். "எங்கயும் கொண்டு போவாதிய. நான் இங்கயே..."

"நீங்க சும்மா இருங்கம்மா. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, கேஸ் டிரபிள்தான். எந்திரிச்சி நடந்துருவீய," என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

கேஸ் டிரபிளுக்கு எதற்கு ஐசியூ என்று நான் கேட்கவில்லை. எனக்கு மதுரை ஐசியூ தெரியும். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விடுவார்கள். அதுவும் பெரியவர்களை மட்டும். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

"சரி அத்த, நாளைக்கே கொண்டு போயிருவமா?" என்றார் அண்ணாச்சி.

"ஹச்!"

பெரியம்மைதான். அவர்கள் வருவதற்கு முன்னால் நான் வைத்த சிட்டிகை, மெதுவாக வேலை செய்திருக்கிறது.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். "ஒத்தத் தும்மல்! வாயெடுத்த நேரத்துல ஒத்தத் தும்மல்! வேண்டாம்டே குத்தாலம். நாளைக்கிப் பாப்போம்."

மஸ்கட் கத்தியது. அத்தை போனைப் பார்த்து, "நீ ஒட்டகத்துக்கிட்ட கத்து," என்றார்.

எல்லோரும் போனபிறகு பெரியம்மையின் உடம்பு குலுங்கியது. மணியைத் தேடினேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் சிரிக்கிறார்.

"பாத்தியா பிள்ள. சொன்னாக் கேக்க மாட்டானுவ. தும்முனாக் கேக்கானுவ."

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஈரப் பஞ்சு உதட்டுக்கு. காய்ந்த பஞ்சில் பொடி, அது மூக்குக்கு. மதுரைப் பேச்சு எடுத்தால் நான் மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரி ஒரு ஒற்று ஒற்ற வேண்டும்.

"ரொம்ப வச்சிராத. ஒத்தத் தும்மல்தான் கெட்ட சகுனம். ரெட்டத் தும்மல் நல்ல சகுனம். ஒரு தரம்னா நாம செயிச்சோம். ரெண்டு தரம்னா சரக்கு கைய விட்டுப் போயிரும்."

"குழாய் போட்டா என்ன பெரியம்மை, பசிக்காதுல்லா?"

"இப்பவும் பசிக்கல பிள்ள. என் மூக்கு பொடிக்கி. குழாய்க்கி இல்ல."

ஆகஸ்ட் 9, சனி

கணக்கு டியூஷன். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு முறை பேச்செடுத்தார்கள், இரண்டு முறையும் ஜெயித்தோம்! அத்தை நடுங்கிப் போய்விட்டார். அண்ணாச்சி ஒவ்வொரு தும்மலுக்கும் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுகிறார். வருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் மூச்சு விட்டபிறகு அவர் முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "பெரியம்மை தலவாணி உறையெல்லாம் ஒரே காப்பிக் கலர்ல கறையா இருக்கே, என்னதுட்டி?" என்றாள்.

நான் இட்லியைச் சட்னியில் முக்கி முக்கி எடுத்தேன். "மண்ணு கரைச்சி ஊத்துனாவல்லாம்மா, அதுதான்."

"அதானப் பாத்தேன்," என்று சொல்லி அம்மா எனக்கு இன்னொரு இட்லி வைத்தாள்.

தப்பித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டப்பி காலி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெட்டிக்கடையில் கேட்டேன்.

"எதுக்கு ஒனக்குப் பொடி?" என்றார் கடைக்காரர்.

"சயின்ஸ் லேபுக்கு."

"ஒங்க ஸ்கூல்ல லேபே கெடையாதே."

"அதான் புதுசா ஆரம்பிக்காவ."

"ஓடிப் போயிரு. சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்க மாட்டேன். ஒங்கம்மாகிட்டச் சொல்லணுமா?"

ஓடிவந்துவிட்டேன். அவர் சொல்லிவிட்டால்? அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? நாங்கள் எங்கே போவோம்? என் மேசையை எப்படி எடுத்துக்கொண்டு போவது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அதிசயம் நடந்திருக்கிறது. அம்மா சந்தையிலிருந்து கொண்டுவந்த காய்கறிப் பைக்குள், கருவேப்பிலைக்கு அடியில், ஒரு பொடிப் பொட்டலம்!

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "காய்க்காரன் கைத்தவறுதலாப் போட்டுட்டான் போல. நாத்தம் தாங்கல. கண்ணுல படாத எடமாப் பாத்துத் தூரப் போட்டுரு."

கண்ணில் படாத இடமாக, டப்பிக்குள் போட்டேன். கடவுள் இருக்கிறார், காய்க்காரர் வடிவில்.

ஆகஸ்ட் 13, புதன்

நான் செத்தேன். எல்லாம் என்னால்தான்.

புதுப் பொடி காரம் அதிகம். எனக்குத் தெரியவில்லை. இன்று அண்ணாச்சி வாயைத் திறந்ததும் வழக்கம்போல ஒற்றினேன்.

"ஹச்!"

அத்தை எழுந்தார். பெரியம்மை என்னைப் பார்த்தார். அவர் மூக்கு மறுபடி சுருங்கியது. நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பெரியம்மை பல்லைக் கடித்துப் பார்த்தார்.

"ஹச்!"

"ரெட்டத் தும்மல்!" அத்தை கும்பிட்டார். "அம்மன் உத்தரவு குடுத்துட்டா! வெள்ளிக்கிழம ராகுகாலம் கழிச்சிக் கொண்டு போயிருவோம்."

மஸ்கட்டில் கைதட்டல். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நான் அழுதேன். பெரியம்மை என் விரலை லேசாகத் தொட்டார். "விடு பிள்ள. ஏலம்னா சில நாளு கைய விட்டும் போவும்."

அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. தலை வலிக்கிறது என்றாள். மாலை போட்ட அப்பாவின் போட்டோவில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் தூசியே இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஓடி வந்தேன். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ராகுகாலம் முடியட்டும் என்று அத்தை டிரைவரை உட்கார வைத்திருந்தார். அவருக்கு என் மிட்டாயில் ஒன்றைக் கொடுத்தேன். மனம் இளகி வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார் என்று பார்த்தேன். இன்னொன்று இருக்கா என்று கேட்டார்.

பெரியம்மையிடம் ஓடினேன். பஞ்சு வைத்தேன். இன்னும் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"மூக்கு செத்துப் போச்சு பிள்ள," என்றார். வாயருகே காதை வைத்தால்தான் கேட்டது. "நீ தும்மு."

ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று ஒரு சிட்டிகையை உறிஞ்சினேன். அப்புறம் நடந்ததை என் எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

"ஹச்!" என்றேன். "நில்லு!" என்றார் அத்தை. ஸ்ட்ரெச்சர் நின்றது.

"ஹச்!" "ரெண்டு, நல்லது, தள்ளு!" ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

"ஹச்!" "நில்லு!"

"ஹச்!" "தள்ளு!"

டிரைவர், "யம்மா, ஒரு முடிவாச் சொல்லுங்க," என்றார். ஸ்ட்ரெச்சரில் பெரியம்மையின் வயிறு குலுங்கியது. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். எட்டாவது தும்மலோடு என் மூக்கு நின்றுவிட்டது. எட்டு. இரட்டைப்படை. எத்தனை முயன்றும் ஒன்பதாவது வரவில்லை.

"தள்ளு," என்றார் அத்தை.

வண்டியின் கதவைத் திறந்தார்கள். அம்மா ஃபைலை வைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"அச்."

அம்மா!

அம்மாவுக்கு எப்போது ஜலதோஷம் பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் நன்றாகத்தான் இருந்தாள். அது அம்மாவின் தும்மல் மாதிரியும் இல்லை. அம்மா தும்மினால் பின்தெரு நாய் குரைக்கும். இது டிவியில் செய்தி வாசிப்பவர் தும்முகிற மாதிரி இருந்தது.

எல்லோரும் இரண்டாவதுக்காகக் காத்திருந்தார்கள். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க," என்றாள். அவ்வளவுதான்.

அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏறப்போற நேரத்துல ஒத்தத் தும்மல்! யப்பா குத்தாலம், என்னால முடியாது. நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்."

அண்ணாச்சி ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டுப் படியருகே வந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"சிஸ்டர், கொண்டு போனா அங்க என்ன செய்வாவ?"

இத்தனை நாளில் அவர் இதை யாரிடமும் கேட்டதில்லை.

"மூச்சுக்குக் குழாய் போடுவாவ. பிடுங்கிரக் கூடாதுல்லா, அதனால கையக் கட்டி வைப்பாவ. நீங்க கண்ணாடிக்கு அங்கிட்டு நிப்பீய. உள்ள என்ன நடக்குன்னு யாரும் சொல்ல மாட்டாவ. பெறகு ஒரு நாள் சொல்லுவாவ." அம்மா அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்க இருந்தா?"

"வலி இல்லாம நான் பாத்துக்கிடுவேன். நீங்க கையப் பிடிச்சிட்டு இருப்பீய."

"பொழைக்க மாட்டாவளா?"

"மாட்டாவ அண்ணாச்சி. ரெண்டு எடத்துலயும்."

அவர் குனிந்து பெரியம்மையின் காதில் என்னவோ கேட்டார். பெரியம்மையின் உதடு அசைந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து போனை எடுத்தார். "தம்பி, நாம ஒண்ணும் செய்யதுக்கில்லடே. பெரிய அபசகுனமாப் போச்சு. நீ பொறப்பட்டு வந்துரு. அம்மா இங்கதான் இருப்பா." குரல் உடைந்திருந்தது. முகம், பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

டிரைவர் போகும்போது என்னிடம் இன்னொரு மிட்டாய் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

பெரியம்மை அண்ணாச்சியின் காதில் சொன்னது என்னவென்று இன்று தெரிந்தது. "பொடி."

அவர் பீரோவைத் திறந்து தேடினார். டப்பியைக் காணோம். எப்படி இருக்கும்? அது என் டயப்பர் பெட்டியில் இருக்கிறது. தும்மிய அவசரத்தில் பாவாடையில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

"சிஸ்டர், அப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடுத்த வெள்ளி டப்பி அது. காணலியே."

"தேடிப் பாக்கேன் அண்ணாச்சி," என்றாள் அம்மா.

திருட்டு! இப்போது நான் திருடி! திரும்ப வைக்கலாமென்றால் அறை நிறைய ஆட்கள். போலீஸ் வந்தால் முதலில் டயப்பர் பெட்டியைத்தான் பார்ப்பார்கள்.

அண்ணாச்சி கடைக்குப் போய்ப் புதுப் பொட்டலம் வாங்கிவந்து, தன் விரலாலேயே பெரியம்மையின் மூக்கருகே வைத்தார். தும்மல் வரவில்லை. ஆனால் வாசம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே, "காரம் பத்தாது," என்றார் பெரியம்மை. அண்ணாச்சி சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மஸ்கட் அண்ணன் காலையில் வந்துவிட்டார். போனில்தான் அவர் பெரிய ஆள். நேரில் பெரியம்மையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பெரியம்மையின் மூச்சு மாறியது. அம்மா சொன்னது சரி, ஒரு மாதிரி என்றால் பார்த்தாலே தெரிகிறது. மணி அடிக்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்.

பால் விட்டார்கள். உதடு நனைய மட்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். முதலில் அத்தை. பிறகு மஸ்கட் அண்ணன். பிறகு குற்றாலிங்கம் அண்ணாச்சி. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

அவ்வளவுதான். பெரியம்மை போய்விட்டார். ஒரு கையை அண்ணாச்சி பிடித்திருந்தார், இன்னொரு கையைத் தம்பி. கண்ணாடி எதுவும் நடுவில் இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடவில்லை. வாசலை அத்தை அடைத்துக்கொண்டு நின்றார் என்பதும் ஒரு காரணம். வழிந்த பாலை நான்தான் பஞ்சால் துடைத்துவிட்டேன். ஈரப் பஞ்சால்.

இப்போது ஊருக்குக் கொண்டு போக வண்டி வந்து நிற்கிறது. அம்மா அவருக்குச் சேலை கட்டிவிட்டாள். சற்று முன் அண்ணாச்சி வராந்தாவில், "அந்த டப்பி மட்டும் கெடைச்சா அம்மா கையில வச்சி அனுப்பிருவேன்," என்று சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. டப்பி என் மடியில் இருக்கிறது. கொண்டு போனால் திருடி. கொண்டு போகாவிட்டால் பெரியம்மை அங்கே பொடி இல்லாமல் என்ன செய்வார்? நான் என்ன செய்ய? யாராவது சொல்லுங்களேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை. அம்மா தட்ட மாட்டாள், தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுவாள். போலீஸாக இருக்குமோ? டார்ச்சைப் பாவாடையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

வெளியே ஒரு தும்மல். ஒன்றே ஒன்று. பின்தெருவில் நாய் குரைக்கிறது.

"ஏட்டி இசக்கி, அழாத. அந்த டப்பியக் கொண்டா. காலியா இருந்தா, அடுக்களையில மொளகாப்பொடி டப்பாவுக்குப் பின்னால ரெண்டாவது பொட்டலம் வச்சிருக்கேன், நெறச்சிக் கொண்டா."

முழுப்பெயர் சொல்லவில்லை. இரண்டாவது பொட்டலமா? அப்படியானால் கருவேப்பிலைக்கு அடியில் முதல் பொட்டலத்தை வைத்தது காய்க்காரர் இல்லை, அம்மா...